தணலும் பொறுமையும் – 8: ராத்திரி முழுக்க ஊதும் பெட்டி

சென்ற வாரம் மாட்டின் மார்க்கறியை (பிரிஸ்கெட்) 70 டிகிரிக்குப் பக்கத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு முடித்திருந்தோம். கறியின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது தணல் கொடுக்கும் வெப்பத்தைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் உள்சூடு மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கிறது என்று பார்த்தோம். ஐந்தாறு கிலோ பிரிஸ்கெட்டை 107 டிகிரி செல்சியஸில் (அமெரிக்கர் கணக்கில் 225 டிகிரி பாரன்ஹீட்) ஏற்றினால், உள்ளே 95 டிகிரியைத் தொட 12 மணி நேரமும் ஆகலாம், 16 மணி நேரமும் ஆகலாம். டெக்சாஸில் மதிய விருந்துக்குக் கறி வேண்டுமென்றால் முந்தின நாள் இரவே கரியை மூட்டியாக வேண்டும். விடியும்வரை அடுப்போரம் உட்கார்ந்து காற்றுத் துளையைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது யார்?

இதற்கு அமெரிக்கச் சந்தை வைத்திருக்கும் பதில் கையடக்கமான ஒரு பெட்டி, ஒரு சின்ன ஃபேன், சூட்டை அளக்கும் இரண்டு மூன்று புரோப் கம்பிகள். ஒரு புரோப் ஸ்மோக்கர் என்கிற புகையடுப்புக்குள் கம்பித் தட்டின் மேல் இருக்கும். அங்கே சூடு குறைந்தால் பெட்டி ஃபேனைச் சுழற்றும். அடித் துளை வழியே காற்று போய்த் தணல் கிளரும். சூடு வந்ததும் ஃபேன் நிற்கும். கொல்லன் பட்டறைத் துருத்திக்கு ஒரு கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைத்தது மாதிரி.

யோசனை புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரர் கொர்னேலிஸ் டிரெபெல் கோழிமுட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்று செய்தார். சூட்டில் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும்; பாதரசம் ஒரு கம்பியை உயர்த்தும்; கம்பி காற்றுத் துளையின் மூடியைச் சாய்க்கும். நமக்குத் தெரிந்த மிகப் பழைய தெர்மோஸ்டாட்களில் அது ஒன்று. நெருப்பின் கழுத்தைப் பிடிக்க வேண்டுமானால் காற்றைப் பிடி என்பது அவருக்கு அப்போதே விளங்கியிருக்கிறது. இன்றும் மின்சாரமே இல்லாமல், சூட்டில் வளையும் ஈருலோகச் சுருளை வைத்து மேல்துளையை மூடித் திறக்கும் கருவிகள் ‘கமாடோ’ எனும் பீங்கான் அடுப்புகளுக்குக் கிடைக்கின்றன. டிரெபெலின் பேரப்பிள்ளைகள்.

பெட்டிக்குள் ஓடும் கணக்கு கடலிலிருந்து வந்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா போன நிகலாய் மினார்ஸ்கி, கப்பல் சுக்கான் பிடிப்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கவனித்து 1922-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு நேரமாக விலகியே நிற்கிறது, எந்த வேகத்தில் திரும்புகிறது: தேர்ந்த மாலுமி இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்புகிறார். விளம்பரங்களில் ‘பி.ஐ.டி.’ என்று போடுகிறார்களே, அது இந்த மூன்றின் கூட்டு. கரிக்கு இது ஏன் வேண்டும்? காற்று போனதும் கரி உடனே பதில் சொல்லாது; தணல் பிடித்து, அந்தச் சூடு தட்டுவரை வர நிமிடங்கள் ஆகும். ‘107 வந்தால் நிறுத்து’ என்று மட்டும் தெரிந்த பெட்டி 107-இல் நிறுத்தும். ஏற்கெனவே பிடித்துவிட்ட கரி சூட்டை 125-க்குக் கொண்டுபோகும். பி.ஐ.டி. பெட்டி 100-லேயே மூச்சைக் குறைத்துக்கொள்ளும். எனவே வெறும் ஆன்–ஆஃப் பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கரிக்கு வேண்டாம் என்பேன்.

ஆனால் எந்தப் பெட்டியின் அட்டையிலும் அச்சடிக்காத ஒரு சங்கதி உண்டு. இந்தக் கருவிக்கு ஊதத் தெரியும், அணைக்கத் தெரியாது. சூடாக்கவும் குளிர்விக்கவும் தெரிந்த ஏ.சி. போல இரண்டு பக்கமும் இழுக்கிற யந்திரம் அல்ல இது. சூடு மீறிவிட்டால் ஃபேனை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒன்றுதான் அதனால் ஆகும். ஃபேன் நின்ற பிறகும் கதவிடுக்கு வழியாகவும் மூடியோரம் வழியாகவும் காற்று நுழைந்துகொண்டிருந்தால் தணல் தன் பாட்டுக்கு எரியும். பெட்டியின் திரையில் எண் மட்டும் சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கும். ஆகவே இந்தப் பெட்டியை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் ஸ்மோக்கரை. கரி நன்றாகப் பிடித்த பிறகு எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டுப் பாருங்கள். சூடு இறங்கிக்கொண்டே போய்த் தணல் அடங்கினால் கருவி வாங்கலாம். இரண்டு மணி நேரம் கழித்தும் அடுப்பு அதே சூட்டில் கனன்றால், அந்தப் பணத்தில் வெப்பம் தாங்கும் ஒட்டுப்பட்டை வாங்கிக் கதவைச் சுற்றி ஒட்டுங்கள்.

அடுத்தது ஃபேன். இங்கே பெரிது நல்லது என்ற ஆசைதான் ஆளைக் கெடுக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிய சுமார் 11.5 கிலோ காற்று வேண்டும். கன அளவில் ஏறக்குறைய 9.6 கன மீட்டர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு கிலோ கரி தின்கிற அடுப்பு என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 53 லிட்டர். ஃபேன்களை அளக்கும் சி.எஃப்.எம். கணக்கில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில், அது 2-ஐக்கூட எட்டாது. எரியாமல் சும்மா கடந்துபோகும் காற்றையும் சேர்த்து இரட்டிப்பாக வைத்தாலும் 4. 10 சி.எஃப்.எம். ஃபேன் ஒன்று வீட்டு ஸ்மோக்கருக்குத் தாராளம். 25 சி.எஃப்.எம். ஃபேனை அதில் மாட்டினால் ஒவ்வொரு ஊதலுக்கும் கரி சீறும், சாம்பல் பறந்து கறிமேல் படியும். பெரிய ஃபேன் இழுவண்டியில் கட்டிய ராட்சத ஸ்மோக்கர்களுக்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேனா, முழு வேகத்தில் விட்டுவிட்டு ஊதுவதா என்றும் கேளுங்கள், முன்னது மேல். நின்றிருக்கும்போது தானே விழுந்து மூடிக்கொள்ளும் தகடு ஃபேனுக்குள் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். அந்தத் தகடு இல்லையென்றால் புகைபோக்கியின் இழுப்பே நின்ற ஃபேன் வழியாகக் காற்றை உள்ளே கொண்டுவந்துவிடும்.

எந்த அடுப்புக்கு இது பொருந்தும்? ஜப்பானிய வம்சாவளியான கமாடோ, உதாரணத்துக்கு 1974-இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக், இதற்கென்றே பிறந்த பாத்திரம். தடித்த பீங்கான் சுவர், இறுக்கமான மூடி. ஆனால் அதே பீங்கான் சூட்டை விடவும் செய்யாது. ஒருமுறை 150-க்குப் போய்விட்டால் 107-க்கு இறங்குவதற்குள் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். வெபர் ஸ்மோக்கி மவுன்டன் மெல்லிய இரும்பு. கதவோரம் கொஞ்சம் ஒழுகும், நாள்பட்ட கொழுப்பும் புகைப்பிசினும் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். அதன் மூன்று அடித் துளைகளில் ஒன்றில் ஃபேன், மற்ற இரண்டும் மூடல், மேல்துளை ஒரு விரல் அகலம். அதோடு சரி. பக்கவாட்டுத் தீயறையில் விறகு எரிக்கிற ஆஃப்செட் ஸ்மோக்கருக்கு மட்டும் இதை மாட்டாதீர்கள். விறகு சுவாலையோடு எரிய வேண்டும், தாராளக் காற்று வேண்டும். மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டால் வெள்ளைப் புகை கவிழ்ந்து கறி கசக்கும். மத்திய டெக்சாஸ் பார்பிக்யூ கடைக்காரர்கள் இந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்காததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமல்ல.

பெல்லெட் அடுப்புகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1980-களில் ஆரிகன் மாநிலத்தில் டிரேகர் குடும்பம் தொடங்கிவைத்த அந்த வகையில் யந்திரம் அளந்து போடுவது முக்கியமாக எரிபொருளை. இங்கே எரிபொருள் முழுக்க உள்ளேயே இருக்கிறது, ரேஷன் காற்றுக்குத்தான்.

புரோப்பில் கஞ்சத்தனம் கூடாது. கம்பியின் பின்னல் உறை எத்தனை டிகிரி தாங்கும் என்று பாருங்கள். தணலுக்கு நேரே தொங்கினால் முதலில் சாவது அதுதான். மாற்றுப் புரோப் தனியாகக் கிடைக்காத கருவியை வாங்காதீர்கள். வைக்கும் இடமும் கணக்கு: கறியை ஒட்டி வைத்தால் அந்த ஈரக் குளிர்ச்சியை அளந்துவிட்டு, ‘சூடு போதவில்லை’ என்று பெட்டி ஊதித் தள்ளும். கறியிலிருந்து நாலு விரல் தள்ளி, தட்டின் மட்டத்தில் இருக்கட்டும். மூடியில் பதித்த டயல் வேறு எண் காட்டும், காட்டட்டும்.

மூடியைத் திறந்தால் அடுப்பின் உள்சூடு சட்டென விழும். அதைத் தீ குறைந்ததாக நினைத்து ஊதாமல், ‘மூடி திறந்திருக்கிறது’ என்று புரிந்துகொண்டு நிற்கும் வசதி அவசியம். வைஃபை வசதியானது. படுக்கையிலிருந்தே எண்ணைப் பார்க்கலாம், கரி தீர்ந்தால் அலாரம் அடிக்கும். ஆனால் இணையம் அறுந்தாலும், கம்பெனி தன் சர்வரை மூடினாலும் பெட்டி தானே வேலை செய்ய வேண்டும். பொத்தானே இல்லாமல் செல்போனை மட்டும் நம்பி நிற்கிற கருவியை நான் தொடமாட்டேன். கன்சாஸ் சிட்டியின் ஃபயர்போர்டும், யூட்டாவின் தெர்மோவொர்க்ஸும் விற்பவை முதலில் நல்ல தெர்மாமீட்டர்கள். ஃபேனைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். முதல் முறை வாங்குபவருக்கு இந்த வழி தேவலை. சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியோடு சேர்ந்து ஓடும் ஹீட்டர்மீட்டர் என்ற திறந்த வடிவமைப்பு இருக்கிறது. அதில் ஃபேனோடு சேர்ந்து துளை மூடியையும் குட்டி மோட்டார் திருப்பும். டிரெபெல் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் பெரிய போட்டி அமைப்பான கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி, சமைக்க கேஸ், மின் அடுப்பு இரண்டையும் தடை செய்கிறது. ஃபேன் வைத்து ஊதுவதை அனுமதிக்கிறது. வெப்பம் கரியிலிருந்தோ விறகிலிருந்தோ வர வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியை மாட்டியதும் கரி முழுவதையும் பற்றவைத்துவிடாதீர்கள். குவியலின் நடுவில் கைப்பிடித் தணல் மட்டும் போடுங்கள். 90 டிகிரிவரை கையால் மெல்ல ஏற்றிவிட்டு, அங்கிருந்து கருவியிடம் ஒப்படையுங்கள். முதல் ஓட்டம் கறியில்லாமல், பகலில் நடக்கட்டும். பல பெட்டிகள் மழை தாங்காதவை. கூரைக்காக அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிவிடத் தோன்றும். கூடாது. காற்றை அளந்து கொடுக்கப்பட்ட கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அடுப்பு வெளியே, சுவரிலிருந்து தள்ளி, மரப்பலகை இல்லாத தரையில் நிற்கட்டும். பெட்டியை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொள்ளுங்கள். காலையில் மூடியைத் திறக்கும்முன் ஃபேனை நிறுத்துங்கள். முதலில் இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்கி ஒரு கணம் பொறுங்கள். காற்றுக்கு ஏங்கிக் கிடந்த கமாடோவைச் சட்டெனத் திறந்தால் சுவாலை முகத்துக்கு நேரே எழும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கட்டிக் கரியா, அச்சில் அழுத்திய பிரிக்கெட்டா?