முத்துலட்சுமி அம்மாவிடம் நான் வாங்கிய கடன்

என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோதுதான் அந்தப் பெயர் என் கண்ணில் பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று அதில் இருந்தது.

"யாருக்கா இவங்க? பணம் குடுக்கிற அம்மாவா?" என்று அப்பாவியாய்க் கேட்டேன்.

நர்சம்மா சிரித்தார். "நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைக்காரங்கதான். பொம்பளப் புள்ளைங்க வாசல் தாண்டாத காலத்துல, பசங்க காலேஜில போய்ப் படிச்சு டாக்டரானவங்க!"

அந்தப் பேச்சு மனசில் ஒட்டிக்கொண்டது. நான் அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் பிறந்தவள். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே நடந்து போய்ப் பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். பெரம்பலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அடுப்புச் சாம்பலுக்குள் நெருப்பாய் இருந்தது.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தேன். முதல் வருஷமே இரண்டு பாடத்தில் தோல்வி! "ஏம்மா, வெங்காயம் அரியுற கைக்குப் பேனா எதுக்கு?" என்றார் அத்தை. அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கோ சுருக்கென்று தைத்தது. புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன்.

அப்போதுதான் நூலகத்தில் முத்துலட்சுமி அம்மாவின் வரலாறு கையில் கிடைத்தது. 1886-ல் பிறந்தவர். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். இதைப் படித்ததும், "அவங்க எங்கே, நாம எங்கே!" என்று மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த பக்கங்களைப் படித்தபோது என் கண் திறந்தது.

தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று 1927-லிருந்தே சட்டசபையில் வாதாடினார். அதற்கான சட்டம் வந்தது 1947-ல். இருபது வருஷம்! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அதற்கென ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல காலம் அலைந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியபோது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது.

அவ்வளவு பெரியவருக்கே இருபது வருஷம் ஆகும்போது, இரண்டு பாடத்துக்கு நான் பரணேறலாமா?

சகோதரிகளே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முன்மாதிரி என்று ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் வாங்கிய மாலையை மட்டும் பார்க்காதீர்கள். காத்திருந்த வருஷங்களையும் பாருங்கள். அவரைப் போலவே ஆக வேண்டும் என்று ஆசைப்படாமல், அவரிடமிருந்து ஒரே ஒரு குணத்தைக் கடனாக வாங்குங்கள். நான் வாங்கியது பொறுமை.

கூப்பிடு தூரத்திலும் ஒருவர் வேண்டும். எனக்கு அந்த நர்சம்மாவே கிடைத்தார். அவரும் கல்யாணத்துக்குப் பிறகு படித்தவர்தானாம்! "விடியக்காலை ஒரு மணி நேரம் போதும். யாரும் உன்னைத் தேடமாட்டாங்க" என்று வழி சொன்னார். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, படித்த நாளுக்கு ஒரு புள்ளி வைத்தேன். மாதத்தில் இருபது புள்ளி விழுந்தால் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொள்வேன்.

மறுமுறை எழுதியதில் ஒரு பாடம் தேறிவிட்டது. இன்னொன்று பாக்கி இருக்கிறது. பரீட்சையன்று அத்தையே பேத்திக்குத் தலை பின்னிவிட்டு, "நீ பஸ்ஸுக்குக் கிளம்பும்மா, வெங்காயத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

பட்டம் கைக்கு வர இன்னும் நாளாகும். ஆனால் பரணில் இப்போது புத்தகம் எதுவும் இல்லை!