கண்ணாடி இடம் மாறியது

லண்டன் ராயல் பாலிடெக்னிக் கூடத்தில் 1862 டிசம்பர் 24 அன்று ஒரு பேய் தோன்றியது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘தி ஹான்டட் மேன்’ கதையிலிருந்து ஒரு காட்சி. மேடையில் நிற்கும் மனிதனுக்குப் பக்கத்தில் புகைபோல ஓர் உருவம் எழுந்தது, அசைந்தது, கரைந்துபோனது.

சூட்சுமம் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை. அதை மேடையின் முன்னே சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். கீழே, பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் இன்னொரு நடிகர். அவர்மேல் சுண்ணாம்பு விளக்கின் ஒளி விழுந்தால் பிம்பம் கண்ணாடியில் தெரியும். ஒளி குறைந்தால் பேய் மறையும். யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. அவர் திட்டப்படி செய்ய அரங்கின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. ஜான் ஹென்றி பெப்பர் அதை இருக்கிற மேடைக்கு ஏற்றபடி எளிதாக்கினார். பெயரும் அவருக்கே போனது: ‘பெப்பரின் பேய்’. டிர்க்ஸுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பாடுபட்டவர்கள் நடிகர்கள். மேடையில் இருப்பவருக்குப் பேய் தெரியாது. தரையில் இட்ட குறியை நம்பி வெறும் காற்றைப் பார்த்து நடுங்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, கண்ணாடிக்குப் பின்னால் பேசியது சபைக்குச் சரியாகக் கேட்கவில்லை. பேயைக் கொண்டுவந்த கண்ணாடி வசனத்தை விழுங்கியது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஆவியை வரவழைக்கக் கணினி வந்தது. 2016-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, இன்டெல் நிறுவனத்தின் துணையோடு ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தை மேடையேற்றியது. ஏரியல் என்ற ஆவியாக நடித்த மார்க் குவார்ட்லியின் உடையில் உணரிகள் பொருத்தியிருந்தார்கள். அவர் கையை உயர்த்தினால், மெல்லிய திரைத்துணியில் விழும் கணினி உருவமும் அந்தக் கணமே கையை உயர்த்தும். முன்பே எடுத்து வைத்த படம் அல்ல. நடிகர் ஒரு நொடி தயங்கினால் ஆவியும் தயங்கும். அந்தத் தயக்கம் இருக்கும்வரை அது நாடகம்தான்.

ஆனால் என் மனம் நிற்பது 2018-இல். லண்டன் நேஷனல் தியேட்டர் அந்த ஆண்டு காது கேளாதோருக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி மூக்குக் கண்ணாடிகளைத் தரத் தொடங்கியது. நாடகப் பிரதி முன்கூட்டியே கணினியில் இருக்கும். மென்பொருள் நடிகரின் பேச்சையும், ஒளி, ஒலி மாற்றங்களையும் பின்தொடர்ந்து, உரிய நேரத்தில் உரிய வரியைக் கண்முன் மிதக்கவிடும். எழுத்தின் அளவையும் நிறத்தையும் அவரவரே மாற்றிக்கொள்ளலாம். முன்பு வசனம் மேடையோரப் பலகையில் ஓடும். அதுவும் குறிப்பிட்ட சில நாள் நிகழ்ச்சிகளுக்கு மட்டும். பலகைக்கும் நடிகர் முகத்துக்குமாகக் கண் அலையும். மூக்குக் கண்ணாடி வந்ததும் முகமும் வசனமும் ஒரே பார்வையில்.

இந்தத் தொழில்நுட்பங்களைக் கையில் எடுக்கப்போகும் நம் நாடகக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆவிகள் அப்புறம் வரட்டும். காது கேளாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் வசனம் போய்ச் சேரட்டும்.