பி.சி.க்காரன்னா 'பி', 'சி' சென்டரா?

உங்க அப்பாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்க. புதுப்படம் மெட்ராஸிலும் மதுரையிலும் ஓடி முடிச்ச பிறகுதான் அவங்க ஊர் டூரிங் டாக்கீஸுக்குப் பெட்டி வரும். 'ஏ' சென்டர், 'பி' சென்டர், 'சி' சென்டர் என்று வரிசை. திருட்டு வி.சி.டி. காலத்தில் அந்த வரிசை கலைந்துபோனது. பெட்டி வருவதற்குள் சி.டி. வந்துவிடுகிறது என்றால் என்ன செய்வது? எல்லா ஊரிலும் ஒரே நாளில் இறக்கிவிடு!

அதே திருட்டு சி.டி.யைப் பார்த்து வீடியோ கேம் கம்பெனிகள் எடுத்த முடிவு தலைகீழ். 'முதல்ல கன்சோல்ல வரட்டும். கம்ப்யூட்டர்காரன் காத்திருக்கட்டும்!'

நாம விடிய விடிய ஆடின ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி, பிளேஸ்டேஷன் 2-ல் வந்தது 2002 அக்டோபரில். பி.சி.க்கு வந்தது 2003 மே மாதம். ஐந்தாம் பாகம் கன்சோலுக்கு 2013 செப்டம்பர், பி.சி.க்கு 2015 ஏப்ரல். இதெல்லாம் பரவாயில்லை. 2010-ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் பி.சி.யைத் தொட்டது 2024 அக்டோபரில்! அது ரிலீஸானபோது ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த பையன் அதற்குள் காலேஜ் கடைசி வருஷம் வந்துவிட்டான்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? கம்பெனிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, கேட்டுக்கங்க. பெரிய கேமுக்கு முதல் சில வாரம்தான் அறுவடை. கன்சோல் என்பது பூட்டிய பெட்டி. கம்பெனி முத்திரை இல்லாத டிஸ்க்கைப் போட்டால் துப்பிவிடும். அதை ஏமாற்ற பெட்டியைத் திறந்து சிப் வைக்கணும், ஆன்லைனில் மாட்டினால் தடை. பி.சி. அப்படியா? திறந்த வீடு. எங்கேயோ ஒருத்தர் க்ராக் செய்தால் போதும், ஊருக்கே விருந்து. ஆக, பி.சி. பதிப்பையே தள்ளிவைத்தால் முதல் அறுவடை பத்திரம். தாமதமே ஒரு பூட்டு.

2007-ல் பி.சி.க்கு மட்டும் க்ரைசிஸ் வெளியிட்ட க்ரைடெக் கம்பெனியின் தலைவர் செவாட் யெர்லி, அடுத்த வருஷமே புலம்பினார். ஒன்று விற்றால் பதினைந்து, இருபது திருட்டுக் காப்பி ஓடுகிறது, இனி பி.சி.க்கு மட்டும் என்று கேம் செய்யமாட்டோம் என்றார். இறக்கினவன் எல்லாம் வாங்கியிருப்பான் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஆனாலும் அவர் வயிற்றெரிச்சல் பொய் இல்லை. நாம மட்டும் என்ன யோக்கியம்? வைஸ் சிட்டியின் ஒரிஜினல் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர், கை தூக்குங்க பார்க்கலாம்!

சரி, அந்தத் தாமதப் பூட்டாவது வேலை செய்ததா? அசாசின்ஸ் க்ரீட் கதையைக் கேளுங்க. கன்சோலில் 2007 நவம்பர். பி.சி.க்கு 2008 ஏப்ரல். ஆனால், பிப்ரவரி கடைசியிலேயே திருட்டுக் காப்பி இணையத்தில் உலா வந்துவிட்டது. டிஸ்க் அச்சடிக்கும் இடத்திலிருந்தே கசிந்தது என்று யூபிசாஃப்ட் வழக்குப் போட்டது. இதில் காமெடி என்னன்னா, அந்த முன்காப்பியில் பாதியில் நின்றுபோகும்படி ஒரு கோளாறை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். ஆடினவங்க 'கேமே சரியில்லப்பா' என்று சொல்லிவிட, பெயர் கெட்டதும் கம்பெனிக்குத்தான்.

ஜி.டி.ஏ. நாலாம் பாகத்தில் இன்னொரு கூத்து. 2008 டிசம்பரில் பி.சி.க்கு வந்தபோது, திருட்டுக் காப்பி ஆடினால் கேமரா குடித்தவன் மாதிரி தள்ளாடும். செம ஐடியா! ஆனால், காசு கொடுத்து வாங்கினவன் நிலைமை? அந்த லாகின், இந்த லாகின் என்று எல்லாம் முடித்து உள்ளே போனால், நல்ல கம்ப்யூட்டரிலேயே திக்கித் திக்கி ஓடியது. அவனுக்கும் தலை சுற்றியது.

தள்ளிப் போடாமல் ஜெயித்தவர்களும் உண்டு. போலந்தின் சி.டி. ப்ராஜெக்ட் முதலில் கேம் விநியோகம் செய்த கம்பெனி. திருட்டு சி.டி. கொடிகட்டிப் பறந்த ஊரில், 1999-ல் பால்டர்ஸ் கேட் கேமைப் போலிஷ் மொழியில் டப்பிங் செய்து, மேப்பு, புத்தகம் எல்லாம் பெட்டியில் போட்டு விற்றார்கள். திருடன் இதையெல்லாம் தரமாட்டான், இல்லையா? அதே கம்பெனி 2015 மே மாதம் விட்சர் 3-ஐ கன்சோல், பி.சி. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் இறக்கியது. தங்கள் சொந்தக் கடையான ஜி.ஓ.ஜி.யில் எந்தப் பூட்டும் இல்லாமல்! 2023-க்குள் 5 கோடி பிரதிகளைத் தாண்டியது.

பூட்டுகளும் முன்னே மாதிரி இல்லை. 2014-ல் வந்த டெனுவோ சில கேம்களை மாதக்கணக்கில் காப்பாற்றியது. 2016 ஜனவரியில் பி.சி.க்கு வந்த ரைஸ் ஆஃப் த டூம் ரைடர் ஆகஸ்ட் வரை உடையவில்லை. அறுவடைக் காலத்துக்கு அது தாராளம். அப்படியும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018-லும் பி.சி.க்கு 2019-லும்தான் வந்தது. அப்போ திருட்டு சி.டி. மேல் மட்டும் பழி போடுவது எப்படி?

உண்மைக் காரணங்கள் சாதாரணமானவை. ஆயிரம் விதமான பி.சி.க்கு ஏற்றபடி கேமைச் சரிசெய்ய ஆளும் நேரமும் வேணும். அது நியாயம். சோனிக்குத் தன் பெட்டி விற்கணும். அதனால்தான் 2018-ல் வந்த காட் ஆஃப் வார், பி.சி.க்கு 2022-ல் வந்தது. மூணாவது காரணம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது: ஒரே கேமை ஒரே ஆளிடம் இரண்டு தடவை விற்கலாம்!

ஜி.டி.ஏ. ஆறாம் பாகத்துக்கு 2025 நவம்பரில் ராக்ஸ்டார் அறிவித்த தேதி 2026 நவம்பர் 19. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் என்று இரண்டு பெயர்தான் அந்த அறிவிப்பில். பி.சி. என்ற வார்த்தையே இல்லை. அதைப் பார்த்ததும் என் ரூம்மேட் பிளேஸ்டேஷன் வாங்க உண்டியல் வைத்துவிட்டான். 'அப்போ பி.சி. வெர்ஷன் வந்தா?' என்று கேட்டேன்.

'அதையும்தான் வாங்கணும் மச்சி. மோட் போட்டு ஆட வேணாமா?' என்கிறான்.