உறங்காத கடிகாரம்

2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பாகூர்ப் பகுதி இருளில் மூழ்கிற்று. இவ்வாறு பல நாள் மின்சாரமின்றிக் கிடந்த கணிப்பொறியும், மீண்டும் இயக்கியவுடன் சரியான நாளையும் மணியையும் காட்டும். எங்ஙனம்?

அதனுள் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. அதன் ஆற்றலால் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்று எஞ்சும். அதுவே ஒரு நொடித் துடிப்பு. கணிப்பொறி விழித்ததும் இக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் நேரத்தை அமைத்துக்கொள்ளும். பின்னர்த் தன் எண்ணிக்கையைத் தொடரும்.

சில ஆண்டுகளில் மின்கலம் தீரும். அப்பொழுது கணிப்பொறி என்றோ கழிந்த ஆண்டொன்றைக் காட்டும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றுகளை, ‘இன்னும் நடைமுறைக்கு வராதவை’ என மறுக்கும். புயல் நிவாரணத்திற்கு விண்ணப்பிக்க வந்த உழவர், அச்சிறு மின்கலம் மாற்றப்படும்வரை காத்திருக்கவும் நேரிடும்.