ஒரே குழாயில் இரண்டு கட்டிகள்

உணவுக்குழாயில் கட்டி இருக்கிறது என்று எண்டோஸ்கோபி அறிக்கை வந்தால் நோயாளியும் குடும்பமும் கேட்பது ஒரே கேள்விதான்: “சாதாரணக் கட்டியா, புற்றுநோயா?” கேட்பவர்களின் மனத்தில் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அரிதாக, இரண்டுமே இருக்கும்.

ஒரே உணவுக்குழாயில் சாதாரணக் கட்டியும் புற்றுநோயும் சேர்ந்திருந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உண்டு. ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவை அவற்றில் கணிசமானவை. உணவுக்குழாய்ப் புற்றுநோய் அந்நாடுகளில் அதிகம். அங்குள்ள மருத்துவர்கள் எண்டோஸ்கோபியில் அங்குலம் அங்குலமாகத் தேடிப் பழகியவர்கள். எண்ணிக்கையில் இந்த நோயாளிகள் குறைவுதான். ஆனால் ஒரு கட்டி கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இவர்களைப் போல வேறு யாரும் உணர்த்துவதில்லை.

உள்ளே ஒன்று, மேலே ஒன்று

தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அதன் சுவர் அடுக்கடுக்கானது. உணவு உரசிச் செல்லும் உட்புறத்தில் சளிப்படலம், அதன் கீழே மெல்லிய இணைப்புத் திசு, அதற்கும் வெளியே உணவைக் கீழே தள்ளும் தசை. குடலைப் போர்த்தியிருக்கும் வெளிச்சவ்வு இந்தக் குழாய்க்குக் கிடையாது. அதனால் சுவரைத் துளைத்த புற்றுநோய் பக்கத்து உறுப்புகளை எளிதில் எட்டிவிடுகிறது.

உலக அளவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் பெரும்பான்மை சளிப்படலத்தின் செதிள் செல்களில் தொடங்குபவை. சாதாரணக் கட்டிகளில் அதிகம் காணப்படும் லியோமயோமா பிறப்பது தசையில். எண்டோஸ்கோபியில் பார்க்கும்போது அது பாய்க்கு அடியில் கிடக்கும் கோலிக்குண்டு போலத் தெரியும். மேடு இருக்கும், மேலே உள்ள சளிப்படலம் வழவழப்பாக, குறையில்லாமல் இருக்கும். லியோமயோமா மெதுவாக வளர்வது. அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம்.

பிறப்பிடம் வேறு, குணம் வேறு என்றால் இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன? பெரும்பாலும் தற்செயல் என்பதே மருத்துவர்களின் கருத்து. அறுவை சிகிச்சையில் அகற்றிய உணவுக்குழாயை மெல்லிய துண்டுகளாக நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், சில மில்லிமீட்டர் அளவேயான லியோமயோமாக்கள் எதிர்பாராமல் தென்படுவதுண்டு. மேட்டின் மீது உணவு ஓயாமல் உரசுவதால் அங்கே சளிப்படலம் கெட்டுப்போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

ஏமாறும் மூன்று இடங்கள்

இரண்டு கட்டிகளும் தனித்தனி இடங்களில் இருக்கலாம், அருகருகே இருக்கலாம், லியோமயோமாவைப் போர்த்திய சளிப்படலத்திலேயே புற்றுநோய் படர்ந்திருக்கலாம். ஒவ்வொரு அமைப்பும் மருத்துவரை ஒவ்வொரு விதமாக ஏமாற்றும்.

விழுங்கும்போது அடைக்கிறது என்று வருபவரின் குழாயில் பெரிய வழவழப்பான மேடு தெரிந்தால், காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். சற்றுத் தள்ளி, நிறம் லேசாக மாறிய தட்டையான புற்றுநோய் இருந்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். இது முதல் தவறு. இரண்டாவது இதற்கு நேர் எதிரானது. மேட்டின் மீது மேலோட்டமாகப் படர்ந்த புற்றுநோயைப் பார்த்து, மேடு முழுவதும் புற்றுநோய் என்று எண்ணிவிடுவது. எண்டோஸ்கோபி வழியாகவே அகற்றியிருக்கக்கூடிய நோய்க்கு உணவுக்குழாயையே எடுக்கும் முடிவு அங்கே பிறந்துவிடலாம்.

மூன்றாவது தவறு ஸ்கேனில் நேர்வது. புற்றுநோய் உள்ள ஒருவரின் சி.டி. ஸ்கேனில் குழாயை ஒட்டித் தெரியும் லியோமயோமா, நோய் பரவிய நிணநீர் முடிச்சு போலத் தோன்றலாம். பெட் ஸ்கேன் எடுத்தால் இந்தக் குழப்பம் தீரும் என்று சொல்ல முடியாது. லியோமயோமாவும் சில நேரம் கதிரியக்கக் குளுக்கோஸை உறிஞ்சிப் பளிச்சிடும்.

சாயமும் ஒலியும்

மேற்பரப்பைச் சோதிக்க மருத்துவர்களிடம் உள்ள எளிய கருவி லூகால் அயோடின் கரைசல். ஆரோக்கியமான செதிள் செல்களில் கிளைக்கோஜன் இருப்பதால் அவை அயோடின் பட்டதும் பழுப்பாகின்றன. புற்றுநோய் செல்களில் அது குறைவு. அந்த இடம் மட்டும் நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். சாயம் தெளித்தபின் நெஞ்சில் எரிச்சல் வரலாம், அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. இவற்றைத் தவிர்க்க, நீலமும் பச்சையுமான குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சி நுண்ணிய ரத்தக்குழாய்களின் கோணல்மாணலைப் பார்க்கும் முறையும் இன்று பரவலாக இருக்கிறது.

ஆழத்தை அறிய எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். குழாய்க்குள்ளிருந்தே ஒலி அலைகளை அனுப்பி, சுவரின் அடுக்குகளைத் திரையில் தனித்தனியாகக் காட்டும் கருவி இது. தசை அடுக்கிலிருந்து கிளம்பும் கரிய உருண்டை லியோமயோமாவைச் சுட்டும். அதற்கு மேலே சளிப்படலம் தடித்திருந்தால் இரண்டு நோய்கள் என்ற சந்தேகம் வர வேண்டும்.

பயாப்ஸி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சளிப்படலம் குறையில்லாமல் இருந்தால் லியோமயோமாவைக் கிள்ளி எடுக்க வேண்டாம் என்பது பழைய விதி. கிள்ளிய இடத்தில் தழும்பு ஏற்பட்டு, பின்னர் கட்டியைத் தோண்டி எடுக்கும்போது சளிப்படலம் கிழியும் அபாயம் கூடும். ஆனால் மேற்பரப்பில் சிவப்போ, சொரசொரப்போ, புண்ணோ இருந்தால் பயாப்ஸி கட்டாயம். மேட்டைப் பார்த்து முதல் விதியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் புற்றுநோயைத் தவறவிடுவார். மேற்பரப்பின் துணுக்கை மட்டும் சோதித்தவருக்கு அடியில் இருப்பது என்னவென்று தெரியாது.

அடியில் இருப்பதற்கும் பெயர் வைத்தாக வேண்டும். லியோமயோமா செல்கள் டெஸ்மின், ஆக்டின் ஆகிய தசைப் புரதங்களைக் காட்டும். கிட், டாக்-1 என்ற புரதங்கள் தெரிந்தால் அது ஜிஸ்ட் எனப்படும் வேறு கட்டி. புற்றுநோயாக நடந்துகொள்ளக்கூடியது, சிகிச்சையும் வேறு. எஸ்-100 புரதத்தைக் காட்டும் கிரானுலர் செல் கட்டி இன்னொரு வகையில் ஏமாற்றும். அதன் மேலுள்ள செதிள் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, நுண்ணோக்கியில் புற்றுநோய் போலவே தோன்றும். புற்றுநோய் இல்லாத இடத்தில் புற்றுநோய் என்று எழுதிவிடாமல் இருக்க அனுபவமுள்ள நோய்க்குறியியல் நிபுணர் தேவை.

சிகிச்சையை முடிவு செய்வது எது?

புற்றுநோயின் ஆழம். சாதாரணக் கட்டியின் அளவு அதற்கு அடுத்ததுதான்.

புற்றுநோய் சளிப்படலத்தின் மேல் அடுக்குகளோடு நின்றிருந்தால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஜப்பானில் வளர்ந்த இ.எஸ்.டி. முறையில், அடியில் திரவம் செலுத்திச் சளிப்படலத்தைத் தூக்கி, சுற்றிலும் வெட்டி, ஒரே துண்டாக உரித்தெடுத்துவிடலாம். அடியிலுள்ள லியோமயோமா சளிப்படலத்துக்குள்ளேயே இருக்கும் மெல்லிய தசையிலிருந்து வந்ததென்றால் அதுவும் சேர்ந்தே வந்துவிடும். ஆழமான தசையிலிருந்து வந்ததென்றால் குழாயில் ஓட்டை விழும் ஆபத்து இருக்கிறது. அப்போது புற்றுநோயை மட்டும் எடுத்துவிட்டு, தொந்தரவு தராத லியோமயோமாவைக் கண்காணிப்பில் விடலாம்.

தனியாக இருக்கும் லியோமயோமாவை அகற்ற நல்ல வழிகள் உள்ளன. மார்பில் சிறு துளைகள் இட்டுத் தோண்டி எடுக்கலாம். சளிப்படலத்தின் அடியில் சுரங்கம் அமைத்து எண்டோஸ்கோபி வழியாகவே வெளியே எடுக்கும் முறையை ஷாங்காய் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். இந்த முறைகள் எல்லாம் மேலுள்ள சளிப்படலத்தை அப்படியே விட்டுவைப்பவை. அங்கே புற்றுநோய் இருந்தால் அதையும் விட்டுவைத்ததாகிவிடும்.

புற்றுநோய் ஆழமாகப் போயிருந்தால் உணவுக்குழாயை அகற்றி, இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் பெரிய அறுவை சிகிச்சை. இரண்டு கட்டிகளும் அதோடு போய்விடும். 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் ஒரு பெண்ணின் மார்புப் பகுதி உணவுக்குழாயைப் புற்றுநோய்க்காக வெற்றிகரமாக அகற்றினார். அந்தப் பெண் கழுத்துத் துளையையும் இரைப்பைத் துளையையும் இணைத்த ரப்பர் குழாய் வழியாகவே உண்டு, 12 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். இன்று முறைகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும் இது உடலை உலுக்கும் சிகிச்சைதான். தேவையில்லாதவருக்குச் செய்துவிடக் கூடாது என்பதற்கே இவ்வளவு சோதனைகளும்.

அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் தருவது பலன் தரும் என்பதை நெதர்லாந்தின் ‘கிராஸ்’ ஆய்வு 2012-இல் காட்டியது. அறுவை மட்டும் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதம், முன்சிகிச்சையும் பெற்றவர்களுக்கு 49 மாதம். இங்கேயும் இரட்டைக் கட்டி குழப்பும். கதிர்வீச்சுக்குப் பின் புற்றுநோய் கரைந்தாலும் லியோமயோமா அதே அளவில் நிற்கக்கூடும். முதல் அறிக்கையில் அது குறிக்கப்படாமல் போனால், கரையாத புற்றுநோய் என்று யாரும் நினைத்துவிடலாம்.

வாசகர் செய்ய வேண்டியது

புகையிலை, மது, புகையிலை சேர்த்த வெற்றிலைப்பாக்கு ஆகியவை செதிள் செல் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணங்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை, புற்றுநோய் தரக்கூடியவை என்று கருதத்தக்கவையாக 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. காபியும் டீயும் சற்று ஆறியபின் குடியுங்கள்.

சோறு நெஞ்சில் நிற்பது போன்ற உணர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வாயு என்று நீங்களே மருந்து சாப்பிட்டு நாளைக் கடத்தாதீர்கள். எண்டோஸ்கோபியில் சாதாரணக் கட்டி என்று சொன்னால் நிம்மதியடையுங்கள். ஆனால் எழுந்து வருமுன் கேளுங்கள்: மேலுள்ள சளிப்படலம் நன்றாக இருக்கிறதா, குழாயின் மற்றப் பகுதிகளை முழுவதும் பார்த்தீர்களா? அறிக்கைகளையும் படங்களையும் பத்திரப்படுத்தி, அடுத்த பரிசோதனைக்குத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.