அலை அருகே போக 263 மீட்டர் பாதை!
"பாவம்" வேண்டாம், வழி விட்டால் போதும்

சென்னை நகரவாசிகளில் மெரினா அலையில் கால் நனைக்காதவர் உண்டா? உண்டு. சக்கர நாற்காலியில் நடமாடுகிறவர்கள் பல வருஷமாகக் கடலை ரோட்டோரத்தில் இருந்துதான் பார்த்து வந்தார்கள்.

காரணம், மணல். நாற்காலியின் சின்னச் சக்கரம் மணலில் இறங்கியதும் புதைந்துவிடும். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து குண்டுக்கட்டாகத் தூக்கிப் போக வேண்டும். பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். "இந்த நிலைமையில இவங்களுக்கு எதுக்கு பீச்சு?" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்தே வீட்டோடு முடங்கியவர்கள் எத்தனையோ பேர்!

பெயர் மாறியது

"ஊனமுற்றோர்" என்ற சொல்லை 2010-ம் ஆண்டு தமிழக அரசு "மாற்றுத்திறனாளிகள்" என்று மாற்றியது. பெயர் மாறியதே தவிர, கடற்கரைக்கு வழி பிறக்கவில்லை. டிசம்பர் 3-ந்தேதி மாற்றுத்திறனாளிகள் தினம் வரும்போது சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். பிறகு பிரித்துவிடுவார்கள். மற்ற நாட்களில் கடல் பார்க்க ஆசை வராதா?

பொது இடங்களுக்குத் தடை இல்லாமல் போய்வருவது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம். அதற்கும் 6 வருஷம் கழித்துத்தான் மெரினாவில் விடிவு பிறந்தது. 2022 நவம்பர் 27-ந்தேதி, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு ஒரு கோடி ரூபாய்க்கு மேல். முதல் தடவையாக அலையைக் கிட்டத்தில் பார்த்து கண் கலங்கியவர்கள் உண்டு.

12 நாளில் புயல்

அந்தச் சந்தோஷம் 12 நாள்கூட நீடிக்கவில்லை. டிசம்பர் 9-ந்தேதி இரவு "மாண்டஸ்" புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. புயல் அலையில் பாதையின் ஒரு பகுதி உடைந்தது. மாநகராட்சி அதைச் செப்பனிட்டு மறுபடி திறந்துவிட்டது.

புயலுக்குப் பலகை மாற்றினால் போதும். மனுஷர்கள் அடைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? பாதை திறந்த சில நாளிலேயே நல்ல காலோடு இருப்பவர்கள் கும்பல் கும்பலாக ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். சக்கர நாற்காலி பின்னால் காத்துக் கிடந்தது!

மரப்பாதையில் கைப்பிடியைப் பிடித்து நிற்பவர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். பின்னால் ஒரு நாற்காலி நிற்கிறதா? இரண்டடி ஒதுங்கினால் அது அலை வரைக்கும் போய்விடும். ஒதுங்குவார்களா?