காசு இல்லாத கார்டு, கணக்கில் இருக்கும் காசு!

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், மூலனூரில் இருக்கும் தங்கச்சிக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடிதார் எடுத்தால் அளவு சேராது, நிறம் பிடிக்காது. ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைன் கிஃப்ட் கார்டு வாங்கி, "புடிச்சத நீயே எடுத்துக்க கண்ணு" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறான். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோட் நம்பர் அவள் போனில் வந்து விழுகிறது. அந்த நம்பருக்குத் திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்து இருக்கிறதே, அடடா!

அந்தக் கார்டுக்குள் காசே கிடையாது! மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மூட்டையை இறக்கிவிட்டுக் கையில் வாங்கும் சீட்டு மாதிரிதான் அது. சரக்கு உள்ளே, சீட்டு வெளியே. கார்டு வெளியிட்ட நிறுவனத்தின் கணினியில் ஒரு வரி: நம்பர், இருப்பு, காலாவதித் தேதி, உயிரோடு இருக்கிறதா இல்லையா. அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டில் கொக்கியில் தொங்கும் கார்டுகளைக் கொத்தாக அள்ளிக்கொண்டு ஓடினாலும் பைசா தேறாது. பில் போடும் இடத்தில் 'பீப்' என்று ஸ்கேன் ஆன பிறகுதான் அந்த வரிக்கு உயிர் வரும்.

யாராவது குத்துமதிப்பாக நம்பர் அடித்துப் பார்த்தால்? குழப்பம் தரும் பூஜ்யத்தையும் 'ஓ'வையும், ஒன்றையும் 'ஐ'யையும் தூக்கிவிட்டு மீதி 32 குறிகளை 16 இடங்களில் அடுக்கினால் வரும் சேர்க்கைகள், 12 போட்டுப் பக்கத்தில் 23 சுழி! அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தங்கச்சி 740 ரூபாய்க்கு வாங்கினால் 260 வரியிலேயே தங்கும். 1,350 ரூபாய்க்கு வாங்கினால் மிச்சத்தை யூபிஐ-யில் கட்டலாம். ஒரே நம்பரை இரண்டு போனில் ஒரே நொடியில் அடித்தால்கூட, முதலில் வந்தவருக்காக அந்த வரி பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் வாசலில் நிற்பார். இதெல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில்!

சரி, அண்ணன் கட்டிய ஆயிரம் இப்போது எங்கே? இதில்தான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திருப்பூரில் டீ-ஷர்ட் தைத்துத் தன் சொந்த வெப்சைட்டில் விற்கும் ஒருவர், தன் கடைக்கு மட்டும் கார்டு போடலாம்; ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டாம். பலருடைய சரக்கை விற்கும் பெரிய சந்தைகளின் கதை வேறு. அங்கே செல்லும் கார்டை அனுமதி பெற்றவர்தான் வெளியிட முடியும். பெங்களூரின் குவிக்சில்வர் இப்படிப் பல கடைகளின் கார்டுகளைப் பின்னாலிருந்து ஓட்டிய நிறுவனம். 2019-இல் பைன் லேப்ஸ் அதை வாங்கியது. வங்கியல்லாத நிறுவனம் வெளியிட்டால், செலவாகாத பணம் முழுவதும் ஒரு வங்கியின் எஸ்க்ரோ கணக்கில் தனியே கிடக்க வேண்டும். கம்பெனி இஷ்டத்துக்கு அதில் கைவைக்க முடியாது!

ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் விதிகளில் இன்னும் இருக்கிறது. ஒரு கிஃப்ட் கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய். மறுபடி காசு நிரப்ப முடியாது, ரொக்கமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும்; முடிவதற்கு முந்தைய 45 நாளில் நினைவூட்ட வேண்டும். மறந்தே போனாலும், காலாவதி ஆகி மூன்றாண்டு வரை அந்தப் பணத்தை நிறுவனம் தன் லாபக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காலாவதிக்குப் பிறகு எப்போது போய்க் கேட்டாலும், கார்டுக்காரரின் வங்கிக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும்! எத்தனை பேர் "டேட் முடிஞ்சு போச்சு" என்று அழித்திருப்போம்! பழைய மெயிலைத் தேடுங்கள், வெளியிட்டவர் பெயரைப் பொடி எழுத்தில் பாருங்கள், எழுதிக் கேளுங்கள்.

சொந்தக் கடைக் கார்டுக்கு மட்டும் இந்தக் காப்பு கிடையாது. அந்தக் கடை எழுதிவைத்த நிபந்தனைதான் அதற்குச் சட்டம். இரண்டும் கையில் இருந்தால், தங்கச்சி, கடைக் கார்டை முதலில் செலவழி!